ஊமத்தங்காய் தின்ற டைகர்

எங்கள் நாய்க்கு வெறி பிடித்துவிட்டதென்று தெருவே திரண்டு நின்ற அந்தப் பகலை நான் இன்னும் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் வீடு. ஆடி மாதம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் என் கணவர் நாற்றங்காலுக்குப் போயிருந்தார். நானும் நான்கு வயது மகள் செல்வியும் டைகரும்தான் வீட்டில். கொல்லையில் விளையாடிவிட்டு வந்த செல்விக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. வெயில் சூடுதான் என்று உள்ளே படுக்க வைத்தேன்.

சற்று நேரத்தில் டைகர் தள்ளாடிக்கொண்டு வந்தது. சுவரில் மோதியது. எதிரே ஒன்றுமில்லை, காற்றைக் கடித்தது. கூப்பிட்டால் என்னையே அதற்கு அடையாளம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டார். ஆட்களோடு கம்பும் வந்தது.

"தள்ளி நில்லும்மா. வெறி புடிச்சிருக்கு. புள்ளயக் கடிச்சா என்ன பண்ணுவ?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. அவங்க வந்துரட்டும்."

"அதுவரைக்கும் அது சும்மா இருக்குமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டைகரை மாட்டுக்கொட்டகைக்குள் விரட்டிப் படலைச் சாத்தினேன். படலைப் பிடித்தபடியே எங்கள் ஊர்ச் சிவன் கோயில் பைரவரை நினைத்தேன். சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை. "அப்பா, இது உன் வாகனம். வாயில்லாத ஜீவன். என்ன ஆச்சுன்னு நீயே காட்டு" என்று அழுதேன்.

என் அழுகையைக் கேட்டு செல்வி எழுந்து வந்தாள்.

"டைகர அடிக்காதீங்க. நான்தான் அதுக்குச் சோறு போட்டேன்."

"என்ன சோறுடி?"

வேலியோரம் காட்டினாள். கொட்டாங்கச்சியில் பழைய சோறு. அதில் பிசைந்த ஊமத்தை விதைகள். பக்கத்தில் உடைந்த முள்ளுக்காய்.

"நீ தின்னியா?"

"கொஞ்சம். கசந்துச்சும்மா, துப்பிட்டேன்."

அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். கருமணி அகல விரிந்திருந்தது.

கம்பைப் போட்டுவிட்டு அந்த அண்ணனே ரோட்டில் ஒரு காரை மறித்தார். கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றைக் கழுவினார்கள்.

"வெயில்னு தூங்க விட்டிருந்தீங்கன்னா கஷ்டமாப் போயிருக்கும்மா" என்றார் டாக்டர்.

வயலிலிருந்து வந்த என் கணவர் டைகரைச் சாக்கில் சுற்றி, வண்டியில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெறி இல்லை, விஷம்தான் என்று வைத்தியம் பார்த்தார்கள். செல்வி தேறி வீடு திரும்பியபோது டைகர் படுத்தபடியே வாலை ஆட்டியது. நான் தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதுவரை கோயிலுக்குப் போனால் வேண்டுதல்களை ஒப்பித்துவிட்டு வருவேன். இப்போது சும்மா நிற்கிறேன். எனக்கு என்ன தேவை என்பதே எனக்கு முழுதாகத் தெரியாது என்று அன்று புரிந்தது.

உங்கள் வேலியில் ஊமத்தை இருந்தால் இன்றே பிடுங்கிவிடுங்கள். கஷ்டம் வந்தால், வார்த்தை வராவிட்டாலும் அந்தப் பைரவனைக் கூப்பிடுங்கள். நான் நாயின் உயிரைத்தான் கேட்டேன். கேட்க வேண்டுமென்றே எனக்குத் தெரியாத என் குழந்தையின் உயிரையும் சேர்த்துக் கொடுத்தான்.