இடுப்பில் பிள்ளையோடு நடந்தவள்

கம்பம் ஊரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறவன் நான். நூறு வருஷத்துக்கும் முந்தைய ஓர் உலகக் கண்காட்சியின் ஊமைப்படத்தை ஒருநாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். தொப்பி போட்ட ஜனங்கள் தடதடவென்று ஓடினார்கள். வந்திருந்த மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர்கள் என்ன கோமாளிகளா? படம் ஓடுகிற வேகம் தப்பு. அதைச் சரிசெய்யாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

எந்த வேகம் சரி? கூட்டத்தில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு போனாள். என் மனைவி, "பிள்ளையத் தூக்கிக்கிட்டு யாரு இப்படி ஓடுவாக?" என்றாள். எங்கள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளையே நடக்கச் சொன்னேன். ஹாலிலிருந்து அடுப்படிக்கு, திரும்ப ஹாலுக்கு. அவள் நடக்க நடக்க நான் படத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டாவது நடையில் இருவர் காலடியும் ஒன்றாக விழுந்தது.

அதுவரை வெறும் துள்ளலாகத் தெரிந்தது அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெண் நின்று, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். மச்சினன் சிரிக்கவில்லை.

"அவளுக்கும் கை கடுத்திருக்கு" என்ற என் மனைவி, மகளை என்னிடம் நீட்டினாள். "நீங்க கொஞ்சம் வச்சிருங்க."