கம்மாய்க்கரையில் கொதித்த பிளசர்

வெந்த இரும்புக்கென்று ஒரு வாடை உண்டு. அடுப்பில் வைத்து மறந்துபோய்த் தண்ணீர் சுண்டிய செம்பிலிருந்து வருமே, அதோடு துருவும் சூடேறிய ரப்பரும் சேர்ந்தாற்போல இருக்கும். மூக்கில் ஏறின மாத்திரத்தில் நாக்கில் கசப்புத் தட்டும். அந்த வாடை வந்ததும் எங்கள் அய்யா, அதாவது என்னைப் பெற்றவர், பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டுவார். திருவாதவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த நாளில் சொந்தமாக வண்டி வைத்திருந்தது நாங்கள் ஒரு வீடுதான். கார் என்று யாரும் சொன்னதில்லை, "பிளசர்" என்றுதான் சொல்வார்கள். "பிளசர்க்காரர் வீட்டுப் பொண்ணு" என்று யாராவது என்னைக் காட்டிச் சொன்னால் தலை தானாக நிமிரும். இப்போதும் நிமிரும்தான், மறைப்பானேன்.

அது மதுரையில் ஒரு சாயப்பட்டறை வீட்டில் ஓடிப் பழசான வண்டி. அவர்கள் வீட்டுக்குள் வேறு பாஷை பேசுகிறவர்கள், எங்களிடம் தெளிவான தமிழில் பேசினார்கள். வண்டியை வாங்கப் போனபோது ஆத்தாவோடு நானும் போயிருந்தேன். ஆண்கள் எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டிருக்க, அந்த வீட்டு அம்மா என் ஆத்தாவைத் தனியே அழைத்து, "நல்ல வண்டிதாம்மா. ஆனா உடம்பு முடியாதவங்களை மட்டும் இதுல ஏத்தாதீங்க. எங்க மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில நடுவழியில கொதிச்சு நின்னுபோச்சு. பின்சீட்டுலயே உசுரு போயிருச்சு" என்றார். ஆத்தா வீட்டுக்கு வந்து அதை அய்யாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எஞ்சினுக்கு ஏது நோயாளியும் கல்யாணப் பொண்ணும்? அதுக்குத் தெரிஞ்சது எண்ணெயும் தண்ணியுந்தான்."

ஆனால் வண்டி அப்படித்தான் நடந்துகொண்டது. நெல்மூட்டை ஏற்றினால் கொதிக்காது. அலங்காநல்லூருக்கு மாடு பார்க்க ஆள்களை அடைத்துக்கொண்டு போனாலும், திருப்பரங்குன்றத்துக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனாலும் கொதிக்காது. பிரசவ வலியோடோ, பூச்சி கடித்தோ, காய்ச்சலிலோ ஒரு ஆள் ஏறினால் போதும், மதுரை ரோட்டில் வறண்ட கம்மாய்க்கரை வளைவு வரும்போது முன்பக்கம் புகை கிளம்பிவிடும். ஊர்க்காரர்களுக்கு இது ஒரு கேலியாகவே போய்விட்டது. "பிளசருக்கு நாடி பாக்கத் தெரியும்டா மாப்ள. ஏறி உக்காந்து அது கொதிக்கலைன்னா ஒனக்கு நோயே இல்ல, எறங்கி வீட்டுக்குப் போயிரு" என்பார்கள். கேலி பேசியவர்களே தங்கள் வீட்டில் யாருக்காவது முடியாமல் போய் வண்டி கேட்டு வரும்போது, வேப்பங்குழையைக் கட்டுக்கட்டாக ஒடித்து வந்து வண்டியின் முன்முகத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். நோயாளி போகிற வண்டியைக் கெட்டது எதுவும் அண்டக் கூடாது என்று ஊர் முழுக்க அப்படி ஒரு பழக்கம். அய்யாவும் தடுத்ததில்லை, சாமி காரியம்.

அப்போது என் தம்பிக்கு நாலு வயது. ஒரு சித்திரை மாதம் அவனுக்குக் காய்ச்சல் கண்டு, கண் செருகி, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் பிள்ளை தங்கும் என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஆத்தா வண்டியைப் பார்த்துத் தயங்கினாள். வேறு வண்டிக்கு எங்கே போவது? வேப்பங்குழை கட்டி, ஒரு குடம் தண்ணீரை என் கால்களுக்கு நடுவில் இடுக்கி வைத்துப் புறப்பட்டோம். ஆத்தா பின்னால் ஒரு ஓரத்தில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள், நான் முன்னால் அய்யா பக்கத்தில். ஆத்தாவுக்கு அந்தப் பக்கம் இருக்கை காலியாக இருந்தது.

வளைவு வந்தது. வாடையும் வந்தது.

அய்யா வண்டியை நிறுத்தி "பானட்"டைத் தூக்கினார். வெள்ளைப் புகை முகத்தில் அறைந்தது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் வெந்நீர் சீறி ஆளையே அவித்துவிடும், பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சின் வெடித்துவிடும். ஆறுகிறவரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. "கோவத்துல இருக்கவனையும் கொதிக்கிற எஞ்சினையும் தானா ஆற விடணும்" என்று அய்யா எப்போதும் சொல்வார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஈரச்சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் குடத்தில் துணியை நனைத்து நனைத்துக் கொடுக்க, ஆத்தா வாங்கித் தம்பி நெற்றியில் போட்டாள்.

"தண்ணியப் பாத்துச் செலவழி, எஞ்சினுக்கு வேணும்" என்றார் அய்யா.

"எஞ்சினுக்கா, எம்புள்ளைக்கா?"

"எஞ்சினு குடிச்சாத்தாண்டி ஒம்புள்ள போய்ச் சேரும்."

உச்சிவெயில். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள், "உச்சிப்பொழுதும் நடுச்சாமமும் ஒண்ணுதான், ரெண்டுலயும் நெழலு கூட வராது" என்று. காக்கை கூடக் கத்தவில்லை. எஞ்சின் நின்ற பிறகும் அதற்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தது. வயசான ஆள் படுக்கையில் புரண்டு மூச்சு விடுவது மாதிரி இழுத்து இழுத்து ஒரு சத்தம், நடுநடுவே டக்கென்று ஒரு தட்டு. சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்போது, காலையிலிருந்து ஒரு சொல் பேசாத தம்பி கண்ணைத் திறந்தான். ஆத்தாவைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னான், "ஆத்தா, இந்தக் கெழவி மேல சுடுது. தள்ளி உக்காரச் சொல்லு."

ஆத்தா அலறவில்லை. பிள்ளையை முன்சீட்டுக்கு மேலாக என் மடிக்குக் கொடுத்துவிட்டு இறங்கினாள். நேரே முன்னால் போய் வேப்பங்குழைக் கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், என்ன செய்யிற? அதப் போயி பிய்க்கிறியே!"

"வெளிய இருக்கது உள்ள வரக் கூடாதுன்னுதானே கட்டுறோம்? உள்ள இருக்கது எப்படி வெளிய போகும்?" என்று சொல்லி, கை சுடச் சுட எல்லாவற்றையும் பிய்த்து ரோட்டோரம் எறிந்தாள். பிறகு வண்டியைச் சுற்றிப் போய், காலி இருக்கைப் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். மாமியார் வந்தால் எப்படி நிற்பாளோ அப்படி, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். "எறங்குங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு நீங்க போக வேண்டிய நேரம் முடிஞ்சுபோச்சு. எம்புள்ளைக்கு இன்னும் இருக்கு. பைய எறங்குங்க."

ஒரு வயசாளி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முனகல் அடங்கியிருந்தது. அய்யா சாக்கைப் போட்டு மூடியைத் திருகினார். மிச்சத் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார். அதன் பிறகு மதுரைவரை வண்டி ஒரு மூச்சுக் கூட விடவில்லை. தம்பி பிழைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியின் முன்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அய்யா, தலையில் அடித்துக்கொண்டார். எஞ்சினுக்குக் காற்று போகிற வழி அதுதானே. நோயாளி ஏறும்போது மட்டும் குழையைக் கட்டி அதை அடைத்திருக்கிறோம். "இம்புட்டு நாளா மூஞ்சியப் பொத்திக்கிட்டு ஓடுன்னு சொல்லியிருக்கோம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆத்தா சிரிக்கவில்லை. சாயப்பட்டறை வீட்டுக்கு ஆள் விட்டு, "ஒங்க மாமியா எங்க ஊரு கம்மாய்க்கரையில எறங்கிட்டாக" என்று சொல்லச் சொன்னாள்.

அந்த அம்மா மறுவாரமே பஸ்ஸேறி வந்தார். ஒரு முழம் மல்லிகையைக் கரையில் வைத்துவிட்டு, தங்கள் பாஷையில் என்னவோ சொல்லி அழுதார். திரும்பும்போது அய்யா விடாமல் கேட்டார், "ஒங்க மாமியாளக் கொண்டுபோன அன்னைக்கு நீங்களும் வேப்பங்குழை கட்டியிருப்பீகளே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லையே. எங்க வீட்டுல அந்தப் பழக்கமே கிடையாதுங்களே" என்றார். அய்யா அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரிடமும் சொல்லிச் சிரித்ததில்லை.

பிளசர் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. அய்யாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வளைவை நிமிர்த்தி நாலுவழி ரோடு போட்டபோது கரையை வெட்டி மண்ணை எடுத்துவிட்டார்கள். கம்மாயில் வீட்டுமனைக் கல் நிற்கிறது. இன்ன இடம் என்று காட்ட ஒரு மரம் கூட இல்லை. அங்கே வண்டிகள் நிற்பதும் இல்லை, நிற்க விடுவதும் இல்லை. ஒரு ஆளை இறக்கிவிட்ட இடம் இல்லாமல் போய்விட்டால் அந்த ஆள் எங்கே போய் நிற்பார் என்று கேட்க இப்போது யாரும் இல்லை.

மாதம் ஒரு தடவை வைத்தியத்துக்காகத் தம்பிதான் என்னைத் தன் காரில் மதுரைக்கு அழைத்துப் போகிறான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அன்றைக்குச் சொன்னது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை, நானும் சொன்னதில்லை. பின்சீட்டில் நான் ஒருத்திதான். பழைய கம்மாய்க்கரை இருந்த இடம் நெருங்கும்போது மடியில் இருக்கும் பையை எடுத்துப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் வைத்துவிடுவேன்.

"எதுக்குக்கா, கனமா இருக்கா?" என்பான் கண்ணாடியில் பார்த்து.

"ஆமாடா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பேன்.