கையை இறக்கச் சொல்லவில்லை

இன்று எங்கள் ஊர் பாச்சாங் கிளினிக்கில், வயதானவர்களின் தசை பலம் பற்றிய ஆராய்ச்சிக்கு என்னையும் சோதித்தார்கள்.

“ரெண்டு கையையும் மேல தூக்குங்க தாத்தா,” என்றாள் பிசியோ பெண்.

தூக்கினேன். அவளுக்கு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பியபோதும் என் கை மேலேதான் இருந்தது. தோள் எரிந்தது.

“ஐயோ, வலிக்கலையா?”

“வலிக்குதுலா. நீ இறக்கச் சொல்லலியேம்மா.”

வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலத்தில் எனக்கு ஆறு வயது. அம்மாவோடு ரப்பர் வேலைக்காட்டுக்குப் போகும்போது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமா என்று முள்கம்பி வாசலில் போலீஸ்காரர்கள் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். “போ” என்று சொல்லும்வரை கையை இறக்கக் கூடாது.

அவள் சிரித்துக்கொண்டே தாளில் எழுதினாள்: “தோள் தசை வலுவாக உள்ளது.”

அந்த வாசலில் கையைத் தூக்கி நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், உங்கள் தசையும் வலுவாகத்தான் இருக்கிறதா?