நிறுத்தலாம் என்று சொன்ன பிறகுதான் தொடங்கினோம்

என் வீட்டுக்காரர் முதலில் என் குழம்பைத்தான் குற்றம் சொன்னார்.

"ஏளா, கொழம்புல நங்கூரச் சங்கிலியப் போட்டா காய்ச்சுன? வாயெல்லாம் இரும்பா இருக்கு."

எங்களுக்குத் தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் கடை. கயிறு, வலை, மிதவை, சங்கிலி என்று படகுக்கு வேண்டிய சாமான்கள். இரும்பு வாடை உங்கள் கையிலிருந்துதான் வருகிறது என்று நானும் திருப்பிச் சொன்னேன். சண்டை வந்தது. மறுநாள் வேறு மீன் வாங்கிச் சமைத்தேன். அதுவும் இரும்பு என்றார். பிறகு செருப்புக்குள் கால் நுழையவில்லை. உடம்பு முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. உங்கள் வீட்டிலும் சர்க்கரை உள்ளவர் ஒருவர் இருந்து, வாய் கசக்கிறது, கால் வீங்குகிறது, உடம்பு அரிக்கிறது என்றால் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு, இரத்தத்தில் இது ஏறினால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று பொருள்) மிக அதிகம் என்றார்கள். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. இதயமும் ஏற்கெனவே பலவீனம். முதல் டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. பெங்களூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகன் சேகரைப் பார்த்துச் சொன்னார்.

"டயாலிசிஸ் ஆரம்பிச்சிரலாம்."

டயாலிசிஸ் என்றால் இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் விடுவது. வேறு வழி இருக்கிறதா என்று நான் கேட்டேன்.

"வேற வழின்னா ஒண்ணும் செய்யாம விடுறதுதாம்மா."

அந்தப் பதிலின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அது உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது.

செய்தி பரவியதும் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோர் கையிலும் இளநீர். கிட்னிக்கு இளநீர் நல்லது என்று யார் இவர்களுக்குச் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் (உடம்பில் கூடினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய உப்பு) விஷம். சொன்னால் நம்பவில்லை. வாசலில் இளநீர் குவிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க இவ்வளவு தண்ணீர்தான் என்று அளந்து குடித்த மனிதர் அவர்.

இளநீரோடு ஆளுக்கு ஓர் ஆளையும் கூட்டி வந்தார்கள். கதையில்தான். என் மச்சான் மெஷினில் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். எங்கள் சித்தப்பாவுக்கு மெஷின் வைத்தார்கள், ஒரே வாரத்தில் போய்விட்டார். குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, தன் பங்குக்கு ஒருவரைக் கொண்டு வந்தாள்.

"மைனி, எங்க தெருவுல ஒரு ஆளு. ஒம்பது வருசமா மெஷினுதான். மோட்டார் சைக்கிள்ல போறான், வாரான். அண்ணனுக்கும் உடனே போட்டுருங்க."

சேகர் தன் மேலதிகாரியின் அப்பாவைக் கொண்டு வந்தான். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு எல்லோரும் முடிவு சொன்னார்கள். படுக்கையில் கிடந்தவரிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். இளம் பெண். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சேகர் பேசத் தொடங்கியதும், "நீங்க இருங்க சார், நான் அய்யாகிட்ட கேக்கேன்" என்றார்.

"அய்யா, எதை விட்டுட்டு உங்களால இருக்க முடியாது?"

அவர் என்னைப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் கூட இருக்கிறேன். நானும் அதை அவரிடம் கேட்டதில்லை.

"கடை" என்றார். "கல்லாவுல உக்காரணும். அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்த டாக்டர் ஒப்பீட்டு ஆய்வு (ஒரே நோய்க்கு இரண்டு வழி இருந்தால், இரண்டிலும் போன பலரைப் பின்தொடர்ந்து, யாருக்கு எது எவ்வளவு உதவியது என்று பார்ப்பது) பற்றிச் சொன்னார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். வயது குறைந்தவர்களுக்கு, மற்ற உறுப்புகள் நன்றாக உள்ளவர்களுக்கு, டயாலிசிஸ் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை. வயது எழுபத்தைந்தைத் தாண்டி இதயமும் பலவீனமாக இருந்தால் அந்த லாபம் சுருங்கிவிடுகிறது. கூடுதலாகக் கிடைக்கும் காலத்தில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியிலேயே கழிகிறது. இரண்டாவது வழி சும்மா விடுவது இல்லை. வீக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்ப்பது. அதுவும் ஒரு சிகிச்சை.

"இதுல குறையும் இருக்கு" என்றும் அவரே சொன்னார். "மெஷினுக்குப் போனவங்க முன்னாடியே கொஞ்சம் தெம்பானவங்களா இருந்திருக்கலாம். நெறைய ஆய்வு வெளிநாட்டுல செஞ்சது. நம்ம பக்கத்து ஆளுங்களப் பத்திக் கொஞ்சந்தான் தெரியும். கூட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியும். உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அதனால்தான் அவர் தெரியும் என்று சொன்னதை நம்பினேன்.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெஷினு போடாதவங்க எப்படிச் செத்தாங்க?"

சேகர் "அப்பா!" என்று கத்தினான். டாக்டர் கத்தவில்லை. "பெரும்பாலும் தூக்கம் கூடிக்கிட்டே போகும். சிலருக்கு மூச்சு முட்டும். அதுக்கு மருந்து இருக்கு. தவிக்க விட மாட்டோம்" என்றார்.

கடைசியில் என் வீட்டுக்காரரே மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். டாக்டருக்கு அது புதிதில்லை, அப்படியும் செய்வதுண்டு என்றார்.

"மெஷினப் போட்டுப் பாப்போம். கடைக்குப் போக முடிஞ்சா சரி. முடியலன்னா விட்டுரணும். விட முடியும்லா?"

"முடியும் அய்யா. எப்ப நிறுத்தணும்னு சொல்ற உரிமை உங்களோடது."

"அப்ப சரி. இவ சாட்சி" என்று என்னைக் காட்டினார்.

இடது கையில் ஃபிஸ்டுலா (இரண்டு வகை இரத்தக் குழாய்களைச் சேர்த்து, ஊசி போடுவதற்காக அறுவை செய்து உண்டாக்கும் வழி) வைத்தார்கள். அது பக்குவப்படச் சில வாரங்கள் ஆகும். தினமும் காலையில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே இரத்தம் ஓடினால் அதிரும். கரையில் கட்டிய விசைப்படகில் எஞ்சின் ஓடும்போது பலகையில் கை வைத்த மாதிரி இருக்கும். எழுந்ததும் அதுதான் என் முதல் வேலை. "ஓடுதா?" என்பார். "ஓடுது" என்பேன்.

செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். முதலில் நல்லது நடந்தது. அதை மறைக்க மாட்டேன். இரும்பு ருசி போனது. சாளை மீன் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் கடைக்குப் போனார். என் நாத்தனார் சொன்னதுதான் சரி என்று நானே நினைத்தேன்.

பிறகு இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. கெண்டைக்கால் சதை இழுத்துக் கத்துவார். வீட்டுக்கு வந்தால் மறுநாளும் எழ முடியாது. எழுந்து உட்காரும்போது அடுத்த ஊசிக்கான நாள் வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் கடை என்று ஆகி, பிறகு அதுவும் போனது. ஆய்வுகளில் நாட்களை எண்ணுகிறார்கள். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவளின் தோள்பட்டையை எதில் எழுதினார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோ வாசலில் நிற்கும்போது கட்டிலை விட்டு இறங்காமல் சொன்னார். "போதும்ளா."

நான் சேகருக்குப் போன் செய்தேன். அன்றே கிளம்பி மறுநாள் வந்து நின்றான்.

"நிறுத்துனா நாமளே கொன்ன மாதிரிம்மா. ஊரு என்ன சொல்லும்?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏலே, ஊசிய ஊருக்கா குத்துதாங்க? எனக்குலா குத்துதாங்க."

சேகர் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அழுதான். தொடங்கும்போது எல்லோரும் கூட நிற்பார்கள். நிறுத்தும்போது சாட்சியானவள் மட்டும்தான் நிற்க வேண்டும். நான் நின்றேன். சேகர் என்னோடு பேசாமல், ஆனால் எங்களோடு, திருநெல்வேலிக்கு வந்தான். டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். மனச்சோர்வில் சொல்கிறாரா, தெளிவோடு சொல்கிறாரா என்று பார்த்திருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டு மருந்துகளை விளக்கினார்.

"சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு?" என்றேன்.

"இனி அவர் விரும்பினதைக் கொடுங்க."

மறுநாள் கடையைத் திறந்தோம். கல்லாவில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். மிக்கேல் என்ற படகுக்காரர், பழைய வாடிக்கையாளர், கயிறு வாங்க வந்தார்.

"என்ன அண்ணாச்சி, போய்ச் சேந்துட்டீருன்னு சொன்னாங்க. வெலையக் கொறச்சிருப்பாங்கன்னு ஓடியாந்தேன்."

"நான் போனாலும் கொறையாது. என் சம்சாரம் என்னைய விட மோசம்."

மிக்கேல் போன பிறகு என்னைப் பார்த்தார். "இனி எளநி குடிக்கலாம்லா?"

எதிரே வண்டியில் வெட்டி வாங்கி வந்தேன். டாக்டர் சொல்லியிருந்தும் உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். பாதி குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார். நான் குடிக்க மாட்டேன் என்றேன். குடி என்றார். குடித்தேன்.

கடைக்கு இன்னும் சில நாட்கள் வந்தார். பிறகு டாக்டர் சொன்னபடியே தூக்கம் கூடியது. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்திருந்தேன். உள்ளங்கைக்குக் கீழே அதிர்வு மெல்லக் குறைந்தது. இல்லாமல் போனது. சேகர் கதவருகே நின்று, "ஓடுதாம்மா?" என்றான். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

துட்டி (சாவுத் துக்கம்) கேட்க வந்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் நாத்தனார் வாசலிலேயே தொடங்கினாள்.

"மெஷின நிறுத்திட்டீயளாமே மைனி. எங்க தெரு ஆளு இன்னும் நல்லாத்தான இருக்கான்."

"அவனுக்கு என்ன வயசு?"

"நாப்பது இருக்கும்."

"இருதயம்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகம் உடைந்தது. "எனக்கு அதெல்லாம் தெரியாது மைனி. எங்க அண்ணன் இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பானேன்னுதான்."

அவளைத் திட்டுவதற்காக வைத்திருந்ததெல்லாம் என்னை விட்டுப் போனது. கட்டிப் பிடித்து அழுதோம். இருந்திருப்பாரா? எனக்கும் தெரியாது. நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரையே இரண்டு பேராக்கி ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாது. அந்த இடத்தில் ஆய்வும் இல்லை, டாக்டரும் இல்லை. நான் மட்டும் இருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது தங்கள் வீட்டில் டயாலிசிஸை நிறுத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நானும் உங்கள் வாசலுக்கு ஓர் ஆளைத்தான் கொண்டு வந்திருக்கிறேன். அவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஆளைப் போன்ற பலருக்கு, இந்த வழியிலும் அந்த வழியிலும் என்ன நடந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால், எதை விட்டுவிட்டு உங்களால் இருக்க முடியாது என்று படுத்திருப்பவரிடம் கேளுங்கள். நான் ஒரு டாக்டர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கல்லாவில் நான்தான். செவ்வாயும் வெள்ளியும் விடியும் முன்பே உடம்பு தானாக எழுந்து, கிளம்ப வேண்டும் என்று நிற்கிறது. எங்கும் போக வேண்டியதில்லை என்று அதற்குப் புரிய நேரமாகிறது. மற்ற நாட்களுக்குப் பெயரே இல்லாத மாதிரி இருக்கிறது. காலையில் வலது கை பக்கத்தில் தேடிப் போய் வெறும் விரிப்பைத் தொடுகிறது.

துறைமுகத்துக்குப் போகும் லாரி கடையைத் தாண்டும்போது கல்லாப் பலகை அதிரும். என் உள்ளங்கை அதன் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதிர்வு அடங்கும்வரை எடுப்பதில்லை. எதிரே கயிறு கேட்டு யாராவது நிற்பார்கள். நிற்கட்டும்.