‘உடு’ என்றாள் அகல்யா

அகல்யா அடி வாங்கி வளர்ந்தவள் என்று முள்ளிப்பட்டில் சொன்னால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். அடியே வாங்காமல் வளர்ந்தவள் என்றால்தான், யார் அந்த மகராசி என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் லோகநாதன் அடித்தது ஊரில் மற்ற அப்பன்கள் அடித்தது மாதிரி இல்லை. மற்றவர்கள் கோபம் வந்தால் அடித்தார்கள். லோகநாதனுக்கு அடிப்பதும் நெசவில் ஒரு வேலை. அந்த ஆளை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

கோர்வைப் பட்டுச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். சேலையின் உடம்பை ஒருவர் நெய்வார். கரைக்கு வேறு நிறம் என்பதால், ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவை இன்னொருவர் எறிய வேண்டும். நாடா என்பது உள்ளே நூல் வைத்த கட்டை, இரண்டு முனையும் கூராக, இரும்புப் பூண் போட்டிருக்கும். லோகநாதன் வீட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது முதலில் அகல்யா, அவளுக்குப் பிறகு தம்பி தமிழ்வாணன். அப்பன் “உடு” என்பான், எறி என்று அர்த்தம். நாடா பறக்க வேண்டும். அடுத்த மிதி, அடுத்த “உடு”. கொஞ்சம் பிந்தினால் அவன் கையில் இருக்கும் நாடா தலையில் இறங்கும். அகல்யாவின் வகிட்டுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் முடி முளைக்காத இடம் ஒன்று உண்டு. தமிழ்வாணனுக்கு அது புருவத்தில். ‘உடு’ என்ற சொல்லைக் கேட்டு யோசிக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. காதில் விழுந்தால் கை ஓட வேண்டும்.

மற்ற பிள்ளைகள் பூச்சாண்டிக்குப் பயந்தார்கள். இந்த இரண்டு பேரும் பூச்சாண்டி வந்தாலாவது அப்பனைப் பிடித்துக்கொண்டு போக மாட்டானா என்று காலை இறக்கி மிதிக்கிற தறிக் குழிக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதெல்லாம் போய், அகல்யா இப்போது ஆரணி பஜாரில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை செய்கிறாள். உடைந்த கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றுவதில் கெட்டிக்காரி. தமிழ்வாணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கடைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். கல்யாணப் பேச்சோடு வருகிறவர்களிடம், “ஒரு ஆம்பளையோட ஒரே வீட்ல இருந்து பாத்துட்டேங்க, எங்கப்பன். போதும்,” என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவாள்.

அம்மா பொன்னம்மாள் மட்டும் முள்ளிப்பட்டை விட்டு வரவில்லை. அகல்யா தலைகீழாக நின்று பார்த்தாள். “நான் வந்துட்டா அந்தாளுக்கு யாரு சோறாக்கிப் போடுவாங்க” என்பதே பதில். இப்படிப்பட்ட பதிலைக் கேட்டால் எனக்கே ஆத்திரம் வருகிறது, மகளுக்கு எப்படி இருந்திருக்கும். கூடவே அம்மா ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு இன்னா ஆனாலும் சரி, தமிழை இங்க கூட்டிகினு வராத. அவன் கை வெச்சா அந்தாளு செத்துடுவாரு. அப்பறம் என் புள்ள ஜென்மத்துக்கும் ஜெயில்ல கெடக்கணும்.”

அது வெறும் பேச்சில்லை. ஒருமுறை ஆட்டோ ஸ்டாண்டில் எவனோ டீயைத் தட்டிவிட்டதற்கு, தமிழ்வாணன் அவன் மூஞ்சியை வண்டியின் பக்கப் பலகையில் வைத்து மோதினான். பல் உதிர்ந்த பிறகும் மோதிக்கொண்டே இருந்தான். நாலு பேர் இழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அவன் கையில் மஞ்சள் பற்றுப் போட்டபோது அகல்யா அந்தக் கையைப் பார்த்தாள். அப்பன் கையேதான், மணிக்கட்டு எலும்பு முதல் கட்டைவிரல் வளைவு வரை. அதன் பிறகு அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே கவலை, இந்தக் கை அப்பன் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதுதான்.

அதற்காகத்தான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். கடைக்கு வருகிற காலேஜ் பையன்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, லேப்டாப்பில் ஏற்றி, கையில் பிடித்து ஆட இரண்டு ரிமோட் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இவன் ஸ்டாண்டில் நின்று வம்பு இழுப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து ஆடட்டும் என்பது கணக்கு.

இரண்டு பேர் சேர்ந்து ஆடினால்தான் அது நகரும். திரையில் இரண்டு குட்டிப் பிள்ளைகள், ஒரு பெரிய இருட்டு வீடு. நாற்காலி அவர்களுக்கு மலை, கதவுப் பிடி எட்டாத உயரம். ஒருத்தர் பெட்டியைத் தள்ளினால் மற்றவர் ஏற வேண்டும், ஒருத்தர் கயிற்றைப் பிடித்தால் மற்றவர் தொங்க வேண்டும். வீட்டுக்குள் ஒருவன் நடந்துகொண்டே இருப்பான். முகம் கிடையாது. கை மட்டும் தரை வரை நீண்டிருக்கும். கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால் என்று அந்தக் கை துழாவிக்கொண்டு வரும். பிடித்தால் சுவரில் அறைந்து எலும்பை நொறுக்கும். ஒருத்தர் செத்தால் இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீளக்கையன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் சில வாரம் செத்துச் செத்தே பொழுது போனது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். கயிற்றின் மறு நுனியைப் பிடித்திருக்கும் தம்பியிடம், பிடியை விட்டுவிடு என்ற அர்த்தத்தில் அகல்யா “உடு” என்பாள். அவன் கை, கேட்ட மாத்திரத்தில், பக்கத்துப் பொத்தானை அமுக்கி எதையாவது எறிந்துவிடும். சத்தம் கேட்டு நீளக்கையன் வந்து இருவரையும் நசுக்குவான்.

“உடுன்னா உடணும்டா. எறியச் சொன்னனா உன்ன?”

“நீ உடுன்னா எனுக்கு கை தானா போவுதுக்கா. நான் இன்னா பண்றது.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் பிடியை விடுவதற்கு, கையை எடு என்ற கணக்கில், “எடு” என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஆட்டம் விறுவிறுவென்று போனது. கதவிடுக்கில் நீளக்கையனின் விரல்கள் நசுங்கித் தெறிக்கிற கட்டம் ஒன்று வந்தது. தமிழ்வாணன் அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்ப ஆடினான். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். அகல்யா அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். ஆத்திரம் இங்கேயே தீர்ந்து தொலையட்டும் என்று நினைத்தாள். ஆத்திரம் அப்படித் தீருமா என்று யாராவது அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. முள்ளிப்பட்டில் பக்கத்து வீட்டுத் தீபா.

“அகல்யா, ஜல்தி வா. உங்கம்மாவ அடிச்சிகினே இருக்கான். தறியில இருக்கற பாவு நூல்ல எண்ணெக் கை பட்டுச்சாம். கதவ உள்ள தாப்பா போட்டுட்டான். அந்தம்மா சத்தமே இல்ல இப்ப.”

தீபாவின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. தமிழ்வாணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். நீ வராதே என்று அகல்யா வாசலை மறித்தாள். அவன் அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு வண்டியை எடுத்தான். அவளும் பக்கத்தில் தொற்றி ஏறிக்கொண்டாள்.

வழியில் அவன் காதோடு சொன்னாள். “நான் முன்னால போய் கதவத் தட்றேன். அந்தாளு என்கிட்ட வருவான். நீ பின்பக்கமா பூந்து அம்மாவத் தூக்கிகினு போயிடு. அவ்ளோதான். வேற எதுவும் கெடையாது. சரின்னு சொல்லு.”

“சரி,” என்றான்.

பாதி வரை சொன்னபடியே நடந்தது, அதுதான் கொடுமை. அகல்யா கதவை உதைத்து, வாய்க்கு வந்தபடி அப்பனைத் திட்டினாள். தாழ்ப்பாள் திறந்தது. லோகநாதன் கையில், நெய்த துணி சுற்றும் உருளையைத் திருப்புகிற கட்டை இருந்தது. அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால், தறிக் குழிக்குள் தலை தொங்க அம்மா கிடந்தாள். காது பிய்ந்திருந்தது. தோடு இல்லை.

“வந்துட்டியா, பஜாருக்காரி,” என்று லோகநாதன் கட்டையை வீசினான். அது அவள் முழங்கையில் விழுந்து, உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. கீழே விழுந்தவளின் விலாவில் மிதித்தான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் தன்னையே அடிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். கொல்லைப் பக்கத்துக் கதவு திறந்தது. தமிழ்வாணன் அம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கொல்லையில் தீபாவிடம் படுக்கவைத்தான். அதோடு போயிருக்க வேண்டும். திரும்பி வந்தான்.

அப்பனைப் பின்னாலிருந்து பிடித்து, தறியின் மேல் மல்லாக்கச் சாய்த்தான். பாவு நூல் படபடவென்று அறுந்தது. கட்டையைப் பிடுங்கிக்கொண்டான். இடது கை கழுத்தில், வலது கையில் கட்டை. அதை ஓங்கவில்லை, பிடித்திருந்தான், அவ்வளவுதான். லோகநாதனின் கண் பிதுங்கியது.

அகல்யா தரையில் கிடந்தபடி கத்தினாள். முறிந்த கையோடு கிடக்கிறவளுக்கு விளையாட்டுக்கு மாற்றி வைத்த ‘எடு’வா ஞாபகம் வரும்? பிறந்ததிலிருந்து வாயில் இருக்கிற சொல்தான் வந்தது.

“தமிழு, உடு.”

கட்டை இறங்கியது. லோகநாதனின் தோள் எலும்பு உடைந்தது.

“உடு.”

மறுபடியும் இறங்கியது. இந்தமுறை தாடையில். பல்லும் ரத்தமும் அறுந்த பாவு மேல் சிதறின. தம்பி முகத்தில் கோபமே இல்லை. கண் ஓரிடத்தில் நின்று, காது மட்டும் அவள் பக்கம் இருந்தது. தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையின் முகம். அதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

விளங்கிய பிறகும் வாயிலிருந்து இன்னொரு தடவை வந்தது. “உடு.”

அதுவும் இறங்கியது.

பிறகு அவள் நல்ல கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டை மேலே போய் அங்கேயே நின்றது. வெளியில் ஜனம் கூடிவிட்டது. தமிழ்வாணன் ஓங்கிய கையோடு காத்துக்கொண்டிருந்தான். நாலைந்து பேர் உள்ளே வந்து கட்டையைக் கையிலிருந்து வாங்கியபோது மறுக்காமல் கொடுத்துவிட்டான்.

லோகநாதன் சாகவில்லை. ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். பிழைத்தாலும் தாடை எலும்பு ஒட்டாது, வலது கை தூக்காது என்றார்கள். பொன்னம்மாளுக்குத் தலையிலும் காதிலும் தையல். விழித்ததும் அவள் கேட்டது, “தமிழ் வந்தானா?” அகல்யா சத்தியத்தை மீறியவள் முகத்தோடு நின்றாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தமிழ்வாணனை ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். கொலை முயற்சி. ஊரில் சாட்சி சொன்ன எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: பாவம், அந்தப் பொண்ணு உடு உடுன்னு கத்துச்சு, அவன்தான் கேக்கல.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் அகல்யா இட்லிப் பொட்டலத்தோடு போனாள். வழியெல்லாம் ஒரே பேச்சைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். நான் அடிக்கச் சொல்லலடா, விட்டுடுன்னுதான் சொன்னேன், நீ தப்பா எடுத்துகினே. அதைச் சொன்னால்தான் தன் மனசு ஆறும் என்று நினைத்தாள்.

தமிழ்வாணன் கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அவள் கையைப் பார்த்து, “ரொம்ப வலிக்குதாக்கா?” என்று கேட்டான். இல்லை என்றாள். இட்லியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், சும்மா தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டான்.

“நீ ஏங்க்கா நிறுத்திட்ட?”

தயார் செய்துகொண்டு வந்த பேச்சை அவள் அங்கேயே விட்டுவிட்டாள். இவன் தனியாக அடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அக்கா சொன்னாள், செய்தான். அந்த ஒரு நினைப்பில்தான் இவன் தூங்கியிருக்கிறான். அதைப் பிடுங்கிக்கொண்டால் இவனிடம் மிச்சம் இருப்பது அப்பனுடைய கை மட்டும்தான். முதல் இரண்டு தடவை தடுக்கத்தான் சொன்னாள் என்று எந்தச் சாமி முன்னாலும் அவளால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முடியும். மூன்றாவதற்கு முடியாது. அது அவளுக்கே அவமானமாகவும் இருந்தது, சொன்னால் என்ன, ஒரு மாதிரி நிம்மதியாகவும் இருந்தது.

“அம்மா கொல்லைல கெடந்தாங்கல்ல,” என்றாள். “அதான் நிறுத்திட்டேன்.”

“ம்,” என்றான் தம்பி. அதுவே போதும் என்பது போல அடுத்த இட்லியை எடுத்தான்.

அகல்யா எஸ்.ஐ. மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், என் வாக்குமூலத்த மாத்தி எழுதணும். அடிக்கச் சொன்னது நான்.”

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா ஒளர்ற. நீ உடுன்னு தடுத்தேன்னு ஊரே சொல்லுது. இப்படிச் சொன்னா நீயும்தான் உள்ள போவ.”

“தெரிஞ்சுதான் சார் சொல்றேன். ஊர்க்காரங்க வாசல்ல நின்னுகினு கேட்டாங்க. அது தறி வீடு. தறிகிட்ட உடுன்னா இன்னா அர்த்தம்னு அவங்களையே திருப்பிக் கேளுங்க.”

எஸ்.ஐ. அவள் மாவுக்கட்டைப் பார்த்தார், லாக்கப்பைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அவர் பேனாவைத் திறக்கிறவரை அவள் உட்காரவில்லை.