பாரம் ஏற்றியவன் பெயர்

எங்கள் நகரத்து வண்டிமாடுகளுக்குச் சட்டத்தின் காவல் கிடைக்கப் பாடுபட்டவன் என்று என்னைப் பல கூட்டங்களில் பாராட்டியிருக்கிறார்கள். மாலைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாராட்டில் பாதிக்குமேல் ஒரு வண்டிக்காரருக்கு உரியது. அவர் இருந்த காலத்திலேயே சபையில் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் மறைந்த பிறகு இங்கே எழுதுகிறேன்.

நான் அப்போது திருநெல்வேலியில் வக்கீல் தொழிலில் காலூன்றிய புதிது. எங்கள் தெருவில் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் இருவரே. அவர்களுள் ஒருவன் நான் என்பதை ஒருநாளும் மறந்தவனல்லேன். குடும்பத்துக்குச் சேரன்மகாதேவியில் நன்செய் இருந்தது. கோர்ட்டுக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தை நோக்கி ஏறும் பாதையில் மூட்டை வண்டிகள் திணறுவதைத் தினமும் காண்பேன். ஆணி பதித்த தார்க்குச்சியால் மாட்டைக் குத்துவார்கள்; வாலை முறுக்குவார்கள்; கால் மடங்கி விழுந்ததை அடித்து எழுப்புவார்கள். சென்னைப் பட்டணத்தில் இவற்றுக்குத் தண்டனை உண்டு. அரசாங்கம் உத்தரவிட்டால் அதே சட்டத்தை எங்கள் ஊருக்கும் விரிக்கலாம். கேட்பார் இல்லாததால் விரிக்கவில்லை. நான் கேட்பதென்று தீர்மானித்தேன்.

அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டிய மகஜரை ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் நடையைக் குறித்து எனக்கு இன்றும் வெட்கமில்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஆசிரியராயிருந்த என் கல்லூரித் தோழர் ஆசிரியர்களிடமும் குமாஸ்தாக்களிடமும் கையெழுத்து வாங்கினார். நிலக்காரர்களிடம் நான் வாங்கினேன். அவர்களில் முதலாவதாக ஒப்பமிட்டவர் என் மாமனார். "மாடு லெச்சுமில்லா" என்று சொல்லி, பேனாவை மைக்கூட்டில் இருமுறை தோய்த்துப் பெரிதாகவே போட்டார்.

தோழர் மகஜரை முழுதும் படித்துவிட்டு, "இங்கிலீஷ் பிரமாதம் வே. இதுல முக்காவாசி வண்டிக்காரங்களப் பத்தித்தான் இருக்கு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?" என்றார்.

"கள்ளன்ட்ட கேட்டுட்டா வே சட்டம் போடுதான்?"

"கள்ளனுக்கும் வக்கீல் உண்டுல்லா? நீரே எத்தனை பேருக்கு நிக்கீரு!"

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் வண்டிப்பேட்டைக்குப் போனோம். மகஜரைத் தமிழாக்கி நான் உரக்கப் படித்தேன். வண்டிக்காரர்கள் சக்கரங்களில் சாய்ந்தபடி கேட்டார்கள். படித்து முடித்ததும், மற்றவர்கள் அண்ணாச்சி என்று அழைத்த ஒருவர், ஐம்பதை நெருங்கியவர், கைகொட்டிச் சிரித்தார்.

"ஏலே, கேட்டியளாலே! நம்மள உள்ள தள்ளதுக்கு ஐயா நம்மகிட்டயே கைநாட்டு கேக்காவ!"

பேட்டை முழுவதும் சிரித்தது. தோழரும் சிரித்தார், அதை நான் கவனிக்காதது போல இருந்தேன். பிறகு அந்த வண்டிக்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அருகில் வந்தார்.

"குத்துதோம், இல்லைங்கல. ஏத்துனது நவுரணும்லா? ஏத்தச் சொல்லுதது யாரு? அது இந்தக் காயிதத்துல எங்கன இருக்கு?"

நான் தாளைப் புரட்டினேன். எங்கும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"இங்கன வாங்க" என்று ஒரு செவலை மாட்டிடம் அழைத்துப் போய், அதன் கழுத்தில் கிடந்த சாக்கைப் பைய விலக்கினார். நுகத்தடி உராய்ந்து உள்ளங்கையகலம் தோல் போயிருந்தது. அதன்மேல் வேப்பெண்ணெய் தடவியிருந்தும் ஈக்கள் விடவில்லை.

"பங்குனி அறுப்புக்கு சேர்மாதேவியிலருந்து ஒங்க வீட்டு நெல்லு இந்தக் கழுத்துலதான் வந்துச்சு. ரெண்டு வண்டி நெல்ல ஒத்த வண்டியில ஏத்தச் சொன்னாவ. முடியாதுன்னா அடுத்த வண்டிக்காரன் நிக்கான்."

"அது காரியஸ்தர் பாத்த வேலை. எனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். ஒங்களுக்குக் கோர்ட்டு இருக்கு. மாட்டுக்கு ஒங்க நெல்லுதான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் காரியஸ்தரை விசாரித்தேன். "எல்லா வீட்லயும் அப்படித்தான் ஏத்துதாவ" என்றார், நான் ஏதோ புதுமையாகக் கேட்டுவிட்டதைப் போல. மகஜரில் ஒரு பாராவைச் சேர்த்தேன்: மாடு தாங்காத பாரத்தை ஏற்றச் சொன்னவர் எவராயினும், அவர் கையில் கயிறு இல்லாவிட்டாலும், அவரையும் சட்டம் பிடிக்கவேண்டும். கையெழுத்திட்டவர்களுக்கு அறிவிக்காமல் சேர்ப்பது முறையன்று. ஆகவே முதலில் மாமனாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

"மாப்பிள்ளை, நீங்க காலேஜ்ல படிச்சது நம்ம வீட்டு மேலயே சட்டம் கேக்கதுக்கா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. தம் பெயரைத் தாமே குறுக்கே அடித்தார். அவரைப் பார்த்து மற்ற நிலக்காரர்களும் அடித்தார்கள். அடித்தல் திருத்தலுள்ள தாளை அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. முழுவதையும் புதிதாக எழுதினேன். நிலக்காரர்களின் கையெழுத்து இருந்த இடத்தில் வண்டிக்காரர்களின் பெருவிரல் ரேகைகள் பதிந்தன. மை அதிகமாகித் தாளின் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. அதை மட்டும் அப்படியே அனுப்பினேன்.

சில மாதங்கள் கழித்துக் கொக்கிரகுளத்துக் கலெக்டர் கச்சேரியில் ஒரு டிப்டி கலெக்டர் விசாரணை நடத்தினார். மறுப்புச் சொல்ல வந்த நிலக்காரர்களின் முன்வரிசையில் என் மாமனார் அமர்ந்திருந்தார். எங்கள் தரப்புச் சாட்சி அந்த வண்டிக்காரர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"அளவுக்கு மீறி ஏற்றச் சொன்னவர் ஒருவர் பெயரையாவது சொல்" என்றார் அதிகாரி.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அமர்ந்திருந்தவர்களின் வழக்குகளே என் தொழிலுக்கு அடித்தளம். வண்டிக்காரர் வாயில் இருந்தது என் பெயர் என்பது அந்தக் கச்சேரியில் எனக்கும் அவருக்கும் தோழருக்கும் மட்டுமே தெரியும்.

"பேரு சொல்ல வரலீங்க" என்றார் வண்டிக்காரர்.

"உதாரணமே இல்லையென்றால் இந்தப் பாரா வெறும் புகார். மற்றவற்றைச் சிபாரிசு செய்கிறேன், இதை நீக்கிவிடலாம்" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அது நீங்கினால் மீதி நிற்பது குச்சிக்கும் வாலுக்கும் உரிய தண்டனை மட்டுமே; அதாவது, என்னை நம்பி விரலை மையில் தோய்த்தவர்களுக்கு உரிய தண்டனை. வண்டிக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்கு எழுந்திருக்கும் துணிவு வந்திருக்குமா என்று சொல்ல முடியாது. எழுந்தேன்.

"இரண்டு வண்டி நெல்லை இவருடைய ஒரே வண்டியில் ஏற்றச் சொன்னார்கள். அந்த நெல் என்னுடையது" என்றேன். எல்லோருக்கும் விளங்கவேண்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"உம்மேல் நீரே சொல்லிக்கொள்கிறீரா?"

"ஆம். எழுதிக்கொள்ளுங்கள்."

மாமனார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பேனா அந்தப் பாராவைத் தாண்டி அடுத்ததற்குச் சென்றது.

உத்தரவு வந்தது, பாரம் ஏற்றச் சொன்னவரையும் பிடிக்கலாம் என்ற விதியும் அதில் இருந்தது. முதல் வருஷம் அகப்பட்டவர்களில் வண்டிக்காரர்களே அதிகம், நிலக்காரர் ஓரிருவர்தாம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த கட்சிக்காரர்கள் சிலர் என்னை விட்டுப் போனார்கள், அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மாமனார் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை, பிறகு நனைத்தார்.

விசாரணை முடிந்த அன்று கச்சேரி வாசலில் அந்த வண்டிக்காரரிடம், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா எம்மேல கோவப்படுவிய. நீங்களே சொல்லிட்டிய, இனி யாரு மேல கோவப்படுவிய?" என்று சிரித்தார். "மாடு வெயில்ல நிக்கு, வாரேன்" என்று போய்விட்டார்.

அப்போது நான் அவரைக் கும்பிட்டேனா என்பது நினைவில் இல்லை. கும்பிட்டிருக்க வேண்டும்.