மேற்கு மூலையில் ஓர் இடம்

கிறிஸ்தவத்தை நான் கடைசி பெஞ்சிலிருந்துதான் பார்த்தேன். என் மனைவி அங்கேதான் உட்காருவாள். யாரும் அவளை அங்கே போய் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்து உண்டு. சபையார் எல்லாரும் வரிசையாக எழுந்து போய் பீடத்தின் முன்னால் முழங்காலிடும்போது, முன்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல் இருந்தால் பளிச்சென்று தெரியும். கடைசி பெஞ்சில் அவ்வளவாகத் தெரியாது.

அவள் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். நான் நாஞ்சில் நாட்டு இந்துக் குடும்பத்துப் பையன், கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிள்ளையாகக் காலம் தள்ளியவன். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். அதற்குச் சபை கொடுத்த சீர்வரிசைதான் திருவிருந்து விலக்கு. பாட்டுப் பாடலாம், பிரசங்கம் கேட்கலாம், பெருக்கித் துடைக்கலாம், காணிக்கையும் போடலாம். அப்பத்தை மட்டும் தொடக்கூடாது.

ஆரம்பத்தில் எனக்கு அதன் கனம் தெரியவில்லை. “ஒரு துண்டு அப்பம், ஒரு மடக்குத் திராட்சை ரசம். இதுக்கா இப்படி அழுத? பத்மநாபசாமி கோயிலுக்கு வா, பாயசமே வாங்கித் தாரேன்” என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே சொல்லித் தந்தாள். சாவதற்கு முந்தின ராத்திரி இயேசு தம் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம். அப்பத்தைப் பிட்டு, இது என் சரீரம் என்று கொடுத்தாராம். காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அந்தப் பந்தியில் இருந்தானாம். “அவனுக்கும் குடுத்தாரா?” என்று கேட்டேன். “குடுத்தாரு” என்றாள். அவனுக்கே கொடுத்ததை உனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வி அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது தெரிந்தது.

அவளுக்குச் சபை மேல் கோபமே வராது. அவள் பங்குக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். முதலில் வாசலில் மரத்தடியில் நிற்பேன். ஒரு மழைக்காலத்தில் நனையாமலிருக்க உள்ளே போனவன், பிறகு வெளியே நிற்கவே இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ரெண்டு பேரும் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே நரைத்துப்போனோம்.

போன வருஷம் அவளுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் கொண்டுபோய் நோக்கிக்கோளூ, பார்த்துக்கொள்ளுங்கள், என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“இஞ்ச பாருங்க, என்னை எரிக்கப்பிடாது” என்றாள். “அம்மைக்க பக்கத்துல போடணும்.”

அவள் அம்மாவின் கல்லறை ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. அவர்கள் நம்பிக்கைப்படி செத்தவர்கள் மண்ணுக்குள் தூங்குகிறார்கள். கடைசி நாளில் எக்காளம் கேட்கும், எல்லாரும் எழும்புவார்கள். ஆவியாக அல்ல, சரீரத்தோடு. அதனால்தான் கல்லறைத் தோட்டத்தில் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைக்கிறார்கள். எழும்பி உட்கார்ந்தால் முகம் கிழக்கே இருக்கும், அவர் வருவது கண்ணுக்கு நேரே தெரியும். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மண்ணிலிருந்து எழுப்பத் தெரிந்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்பத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியும். அவருக்குத் தெரியும். எனக்குத்தான் பேடியா இருக்கு” என்றாள். அந்தப் பயத்தோடு அவளை அனுப்பக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாளே போதகரைப் பார்க்கப் போனேன். இளவயசுக்காரர், புதிதாக வந்தவர், நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களிடம் சண்டை போடுவது கஷ்டம். அவர் கமிட்டியில் கேட்டுவிட்டு வந்து, தலையைக் குனிந்தபடி சொன்னார். விலக்கப்பட்டவர்களைத் தோட்டத்தின் மேற்கு மூலையில்தான் அடக்கம் செய்வது வழக்கமாம். மலையாளத்துக்காரர்கள் அதைத் தெம்மாடிக்குழி, அதாவது போக்கிரிகளின் குழி, என்பார்கள். எங்கள் சபையில் நாகரிகமாக மேற்கு மூலை. தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், ஞானஸ்நானம் எடுக்காமல் செத்தவர்கள், விலக்கு நீங்காதவர்கள் எல்லாரும் அங்கேதான். மணி அடிக்கமாட்டார்கள். போதகர் வரமாட்டார். குழியும் வடக்கு தெற்காகக் குறுக்கே வெட்டியிருக்கும்.

“விலக்கை நீக்க ரெண்டு வழி இருக்கு சார். அக்கா சபைக்கு முன்னால, அந்தக் கல்யாணம் தப்புன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கலாம். இல்லைன்னா நீங்க ஞானஸ்நானம் எடுத்து, ரெண்டு பேருக்கும் ஆலயத்துல ஆசீர்வாதம் பண்ணலாம்.”

முதல் வழியை அவளிடம் சொன்னேன். “சொல்லித் தொலையேன். ரெண்டு வார்த்தைதானே. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்” என்றேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரி, நான் நனைந்தால் போகிறது என்று ரெண்டாவது வழியைப் பிடித்தேன். உபதேசியாரிடம் பாடம் கேட்கப் போனேன்.

உபதேசியார் ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். கையில் பிரம்பு இல்லாத குறைதான். என்னைப் போல நரைத்த ஒரு மாணவன் அவருக்கு வாய்த்ததில்லை. ஒரே தேவன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்களாக இருக்கிறார் என்பதை விளக்கப் பாவம் மனுஷன் படாத பாடு பட்டார். அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. எங்கள் வீட்டுச் சாமிகளின் உறவுமுறை இதைவிடச் சிக்கல். ஞானஸ்நானம் என்பது செத்துப் பிறப்பது என்றார். தண்ணீருக்குள் பழைய ஆள் போகிறான், புது ஆள் வருகிறான். அதுவும் புரிந்தது. நல்லது செய்து மோட்சம் வாங்க முடியாது, அது இலவசமாகக் கிடைப்பது என்றார். ஆயுசெல்லாம் கணக்கு எழுதியவனுக்கு அது நெஞ்சில் ஏறத் தாமதமானது. ஆனால் ஏறியபோது கண் கலங்கிவிட்டது. அவமானப்பட்டு, துப்பப்பட்டு, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒரு சாமி. அவரைக் கும்பிடுகிறவர்களுக்கு எப்படி ஒரு மேற்கு மூலை வெட்ட மனசு வந்தது என்று அவரிடமே கேட்டேன். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்தார். “மனுஷங்கதானே” என்றார்.

ஒரே ஓர் இடத்தில்தான் எனக்கு முட்டியது. மூன்றாம் நாள். செத்தவர் எழுந்தார் என்பது கதையல்ல, நடந்தது என்று நம்ப வேண்டும். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது என்று உபதேசியார் அடித்துச் சொன்னார். எனக்கு அது வரவில்லை. வந்ததாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வருமானவரிக்காரனிடம் சொல்லாத பொய்யா?

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. அவள் அப்போது கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அவரு மூணாம் நாளு எழும்பினாருன்னு நம்புதீங்களா?”

“நம்புதேன்” என்றேன்.

“என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகிப்போன முகம். எனக்காக வீட்டையும் பந்தியையும் விட்டு வந்தவள்.

“இல்ல” என்றேன்.

“பின்ன வேண்டாம். பொய் சொல்லிட்டு அந்தத் தண்ணிக்குள்ள எறங்கப்பிடாது. எனக்காகவும் எறங்கப்பிடாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். “அப்ப நீயாவது மன்னிப்புக் கேளு! ரெண்டும் இல்லன்னா எப்படிட்டி?” என்று கத்தினேன்.

“நான் செஞ்ச பாவத்துக்கெல்லாம் தெனமும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். உங்களக் கெட்டுனது அதுல இல்ல. இல்லாததச் சொல்லி அப்பத்த வாங்கித் தின்னா, அது எனக்குள்ள நிக்குமா?”

நம்பிக்கை என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உபதேசியாரின் பாடமெல்லாம் சேர்ந்தும் அதைத் தொடவில்லை. நான் அதை ஒரு கதவு என்று நினைத்திருந்தேன், சரியான வார்த்தையைச் சொன்னால் திறந்துவிடும் என்று. அவளுக்கு அங்கே ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவரை ஏமாற்ற முடியாது. அவ்வளவுதான் விஷயம். அவர் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

போதகர் வீட்டுக்கு வந்தார். அவர் பையில் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்கிற சின்னப் பெட்டி இருந்தது. கமிட்டிக்குத் தெரியாமல் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் வந்திருக்கிறார், பாவம். அவள் அதைப் பார்த்துவிட்டாள். திருட்டுத்தனமா எதுக்கு ஐயா என்று கேட்டாள். அவர் திறந்த பெட்டியை மூடிவிட்டு, தரையில் முழங்காலிட்டு ரொம்ப நேரம் ஜெபம் செய்தார். எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

அவள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மேற்கு மூலையில் ஞானஸ்நானம் எடுக்காதவர்களையும் வைப்பதுண்டா?

“உண்டு, அக்கா. பழைய வழக்கம்தான்.”

அவர் போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புதான் இருந்தது. “அம்மைக்க பக்கத்துல போட்டா உங்களுக்கு அங்க எடம் கெடைக்காது. இங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல” என்றாள். “குறுக்கேதான் கெடக்கணும். எழும்பினா மதிலத்தான் பாக்கணும். பரவால்ல, கழுத்தத் திருப்பிக்கிடலாம்.” சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை.

ஆடி மழையில் செத்தாள். மணி அடிக்கவில்லை. சபையார் சிலர் வந்தார்கள், குடையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையிலேயே நின்றார்கள். போதகர் அங்கியில்லாமல், சாதாரணச் சட்டையில் வந்து நின்றார். அவ்வளவு செய்ததற்கே கமிட்டியில் அவரைக் கேள்வி கேட்டார்களாம். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வெட்டினவர்கள் அதை இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று பெட்டியை இறக்கினார்கள். செம்மண் தண்ணீரில் பெட்டி ஒரு நொடி மிதந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு என்னைத் தாங்கியது அந்த மூலைதான். அவள் கல்லறைக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு இடம் இருந்தது. ஞாயிறுதோறும் போய் அங்கே முளைத்த களையைப் பிடுங்குவேன். என் அண்ணன் மகனைக் கூப்பிட்டு, என்னை எரிக்கக்கூடாது, இங்கே கொண்டு வந்து போடு என்று சொன்னேன். நம் வீட்டில் வழக்கமில்லையே சித்தப்பா என்று முகம் சுளித்தான். வழக்கத்தைப் பற்றி என்னிடம் பேசாதே என்று ஒரு அதட்டுப் போட்டேன். எனக்கு எழும்புவதில் நம்பிக்கை வந்துவிடவில்லை. பக்கத்தில் கிடக்க வேண்டும், அவ்வளவே.

போன மாதம் போதகர் வந்தார். முகமெல்லாம் ஒளி. காப்பி போடக்கூட விடவில்லை, உட்காருங்க சார் என்று என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“அக்காவை அப்படி வச்சதுலயிருந்து எனக்குத் தூக்கமில்லை சார். கமிட்டியில சண்டை போட்டேன். நேத்து ஒத்துக்கிட்டாங்க. மேற்கு மூலையே இனிக் கிடையாது. அக்கா கல்லறையை மட்டும் நல்லாக் கட்டிட்டு, மிச்ச இடத்தை நிரப்பிச் செடி வைக்கப் போறோம். நம்ம சபைப் பிள்ளைங்க யாரும் இனி அந்த அவமானத்தைப் படமாட்டாங்க. எல்லாருக்கும் நடுத்தோட்டம்தான்.”

“அந்த மூலையில இனி யாரையும் வைக்கமாட்டீங்களா?”

“யாரையும் இல்ல சார். அக்காதான் கடைசி.” அவர் கண் நிறைந்திருந்தது. நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்துத்தான் அந்த வெயிலில் வந்திருக்கிறார்.

“எனக்கு?” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ரொம்பக் கனிவாகக் கேட்டார்.

“சார் இந்துதானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன். நல்ல காரியம் செய்தீர்கள் என்றும் சொன்னேன், அது நிஜம். போகுமுன் ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒதுக்கப்பட்டவர் என்று இனி ஒருவரும் இல்லாத சபைக்காக மனமுருகி நன்றி சொன்னார். அவர் ஆமென் சொன்னபோது, அவள் கல்லறைக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஓர் ஆள் இடத்தில் என்ன செடி வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.